காற்று இறங்கிய கிணறு

கம்ப்ரஸர் வண்டி வேலங்காட்டுப்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது காலை எட்டு மணி இருக்கும். போசம்பட்டி ரோட்டிலிருந்து பிரியும் வண்டிப்பாதையில் லாரி அதை இழுத்துக்கொண்டு வந்த சத்தத்துக்கு ஊரில் பாதிப்பேர் வாசலில் வந்து நின்றார்கள். நல்லுசாமி முன்னால் நடந்து வழி காட்டினார். கிணற்றுக்குள் பாறையில் துளைபோட்டு வெடிவைத்து இன்னும் பத்தடி ஆழமாக்குவது என்று ஏற்பாடு. அறுபத்தாறாம் வருஷம், பங்குனி பிறந்து ஒரு வாரம். போன ஐப்பசியும் பொய்த்து, கார்த்திகையும் பொய்த்து, எங்கள் பக்கத்தில் கிணறு வைத்திருந்தவர்கள் எல்லாரும் அந்த வருஷம் கீழே பார்த்தபடியேதான் நடந்தார்கள்.

கிணற்றடிக்குப் போனபோது முதல் படியில் வள்ளிக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். அவள் நல்லுசாமியின் தம்பி வீரமலையின் மனைவி. வீரமலை இறந்து ஒரு வருஷமும் சில நாட்களும் ஆகியிருந்தன. இந்தக் கிணற்றில்தான் இறந்தான்.

அவள் நல்லுசாமியோடு நேருக்கு நேர் பேசும் வழக்கமில்லை. புருஷனின் அண்ணன் என்ற மரியாதை. எது சொல்வதானாலும் அவர் மனைவி அழகம்மாளிடம் சொல்வாள். அன்றைக்கும் தலையை நிமிர்த்தாமல் அப்படித்தான் சொன்னாள்.

"அக்கா, மாமாகிட்ட சொல்லுங்க. இந்தக் கெணத்துல எனக்கும் பாதி இருக்கு. ஆளு எறங்குற வேலை எதுவும் இதுல நடக்கக் கூடாது."

அழகம்மாள் புருஷனைப் பார்த்தாள். நல்லுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மெஷின் வந்து நிற்கிறது, ஆட்கள் வந்துவிட்டார்கள், இப்போது போய் இப்படிச் சொன்னால் எப்படி என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார்.  வள்ளிக்கண்ணு எழுந்திருக்கவில்லை. வெடி வேலைக்கு வந்திருந்த இரண்டு ஆட்களும் வேப்ப மரத்தடியில் போய்ப் பீடி பற்றவைத்தார்கள்.

கம்ப்ரஸரை ஓட்டிவந்தவர் பெயர் தைரியராஜ். நாற்பத்தைந்து வயது. மெலிந்த ஆள், காக்கி அரைக்கைச் சட்டை. லால்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பத்தில் பர்மாவில் பிறந்து, அங்கே எண்ணெய்க் கிணறுகளில் ஃபிட்டராக இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்கள் எல்லாரையும் போல ஒரு பெட்டியோடு கப்பலேறி வந்தவர். மன்னார்புரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் மனைவியோடு குடியிருந்தார். பாலக்கரையில் கியாசுதீன் என்பவர் கம்ப்ரஸர்களை வாடகைக்கு விட்டுவந்தார். அவரிடம் வேலை.

தைரியராஜ் கிணற்றை ஒருமுறை சுற்றிவந்தார். இருபதடி அகலம். ஐம்பதடி ஆழம். மேலே கல் கட்டடம், அதற்குக் கீழே வெறும் பாறை. சுவரோடு நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகள். இருபத்தெட்டடியில் பாறையைக் குடைந்து ஒரு மேடை. அதில் ஆயில் இஞ்சினும் பம்ப்பும் துருப்பிடித்து நின்றன. இஞ்சினிலிருந்து ஒரு புகைக்குழாய் சுவரை ஒட்டி மேலே வந்தது. அடியில் தண்ணீர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஈரச் சேறு. நடுவில் முழ உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

அது என்ன என்று கேட்டார். நல்லுசாமி சொன்னார். அறுபத்துமூன்றில் வீரமலை விவசாய இலாகாவுக்கு நடையாய் நடந்து போட்டுவாங்கிய துளை. நாலங்குல அகலம், கிணற்றுத் தரையிலிருந்து நூற்றுப்பத்தடி ஆழம். அதில் தண்ணீர் உண்டு, ஆனால் தரைக்கு மேலே வராது, உள்ளேயே நிற்கும். இஞ்சின் மேலே இருந்தவரை பம்ப்பால் அதை உறிஞ்ச முடியவில்லை. பம்ப்பு இருபது, இருபத்தைந்தடிக்கு மேல் இழுக்காது. அதனால்தான் வீரமலை பாறையைக் குடைந்து மேடை வெட்டி இஞ்சினையே கீழே இறக்கினான்.

"தண்ணி இப்பவும் அந்தத் துளையில இருக்குதுங்களா?"

ஒரு கல்லைப் போட்டுக் காட்டுவதற்கு நல்லுசாமி குனிந்தார். இரண்டு மூன்று கற்கள் சேற்றில் விழுந்தன. நாலாவது குழாய் வாய்க்குள் போனது. சற்று நேரம் கழித்து ஆழத்திலிருந்து ஒரு சின்ன சத்தம் வந்தது. தைரியராஜ் தலையை ஆட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம் யாரும் எதிர்பாராதது. வள்ளிக்கண்ணுக்கு நாலடி தள்ளிக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, உங்க வீட்டுக்காரர் எப்படிங்கம்மா இறந்தார் என்று கேட்டார். ஒரு வருஷமாக எத்தனையோ பேர் அவளிடம் எத்தனையோ காரணம் சொல்லியிருந்தார்கள். யாரும் அவளைக் கேட்டதில்லை.

அவள் சொன்னாள். மாசி மாதம், மேகம் மூடாப்புப் போட்ட காலை, இலை அசையவில்லை. பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்கள். இஞ்சின் ஓடத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எண்ணெய் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று இறங்கினான். வரவில்லை. எட்டிப் பார்த்தால் சுவரில் சாய்ந்து தூங்குவதுபோல் உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் கேட்கவில்லை. பக்கத்துக் காட்டுப் பிச்சைமுத்து இறங்கிப்போனார். பாதிப் படியிலேயே கண் இருட்டி, வாந்தியெடுத்துக்கொண்டு திரும்பி ஏறினார். பிறகு ஆட்கள் சேர்ந்து, கயிறு போட்டு, எப்படியோ மேலே கொண்டுவந்தார்கள். முனி அடித்தது என்றார்கள். மாரடைப்பு என்றார்கள். பாறையை வெட்டியபோது பலி கொடுக்காதது என்றார்கள். பொழுது சாய்வதற்குள் எரித்தும்விட்டார்கள்.

"மொகம் எப்படி இருந்துச்சு? வெளுத்திருந்துச்சா?"

வள்ளிக்கண்ணு முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல. செவசெவன்னு இருந்துச்சு. உசுரோட இருக்குறவுங்களுக்கே அப்படி இருக்காது. அதனாலதான் நான் நம்பல. தூங்குறாருன்னே நெனச்சேன்."

தைரியராஜ் எழுந்து புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டே சுவரோரமாக நடந்தார். மேலிருந்தே தெரிந்தது. மேடைக்கு ஓர் ஆள் உயரத்தில் இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் சாக்குத் துணியைச் சுற்றி மண் பூசியிருந்தது. மண் வெடித்து உதிர்ந்து, துணி கருகி, மேல்குழாய் கீழ்க்குழாயைவிட்டு விலகித் தொங்கிக்கொண்டிருந்தது.

"முனியும் இல்ல, ஒண்ணும் இல்லீங்கம்மா. புகை. அந்த மூட்டு விட்டுப்போயி இஞ்சின் புகை பூராவும் கெணத்துக்குள்ளயே நின்னுருக்கு. காத்து அசையாத நாளு வேற. அதுல ஒரு வாயு இருக்கு, வாசனை கெடையாது, தொண்டை கமறாது. மூச்சுல போனா தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மொகம் செவந்துபோறது அதுக்கு அடையாளம். அங்க எண்ணெய்க் காட்டுலயும் இப்படி இஞ்சின் கொட்டாயில ரெண்டு பேரை நான் தூக்கியிருக்கேன்."

வள்ளிக்கண்ணு அந்த மூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அவள் தினமும் வந்து பார்க்கிற கிணறு. அந்தச் சாக்குத் துணியை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள். அழகம்மாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்லுசாமி அங்கே இல்லை. எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

அன்றைக்கு வெடி வேலை நடக்கவில்லை. ஆட்களுக்கு வீட்டுத் திண்ணையில் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்தாள் அழகம்மாள். தைரியராஜ் கூழைக் குடித்தபடி, பாறையை வெட்டினாலும் தண்ணீர் வரும் என்பதற்கு உறுதி இல்லை, தண்ணீர் பாறைக்குக் கீழே துளையில் இருக்கிறது, இஞ்சினைக் கீழே இறக்காமல் அதை எடுக்க வேறு வழி உண்டு என்று சொன்னார். அழகம்மாளுக்குப் புரியவில்லை. வள்ளிக்கண்ணு கொஞ்சம் நெருங்கி வந்து தூணோரம் நின்றாள். அவளுக்காகவே அவர் விரித்துச் சொன்னதுபோல் இருந்தது.

"எங்க பக்கம் பூமியில துளை போட்டா மொதல்ல எண்ணெய் தானா பீச்சிக்கிட்டு வருங்க. சில வருசம் போனா கீழருந்து தள்ளுற தம்மு கொறஞ்சிடும். எண்ணெய் பாதித் துளையில வந்து நின்னுக்கும். இருக்கு, ஆனா வராது. உங்க கெணத்துத் தண்ணி மாதிரியேதான். அப்ப ரெண்டு வழி. ஒண்ணு, மேல ஒரு இரும்பு உத்தரம் நாள்பூரா தலைய ஆட்டிக்கிட்டே உள்ள இருக்குற கம்பியை ஏத்தி எறக்கும். இன்னொண்ணு, சின்னக் குழாயில காத்தையோ வாயுவையோ அடி வரைக்கும் அனுப்புறது. காத்து கலந்துச்சுன்னா உள்ள இருக்குறது லேசாயிடும். லேசானதைச் சுத்தி இருக்குற கனம் மேல தள்ளிவிட்டுரும். நாம இழுக்குறதில்ல. அதுவா ஏறுது. மெஷினெல்லாம் மேல இருக்கும். கீழ குழாயைத் தவிர ஒண்ணும் கெடையாது."

"ஆளு?" என்று வள்ளிக்கண்ணு கேட்டாள்.

"குழாயைத் துளை வாயில நொழைக்க ஒருக்கா எறங்கணும். அதுக்கப்புறம் தேவையில்ல."

அவள் உள்ளே போனாள்.

ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் இரண்டு அடுப்புகள் எரிந்தன. மேற்குப் பாதியில் வள்ளிக்கண்ணுவும் அவள் ஆறு வயது மகள் ராசாத்தியும். கிழக்குப் பாதியில் நல்லுசாமி குடும்பம். நடுவில் பொது முற்றம். மல்லித் தோட்டம் ஒன்றரை ஏக்கர், அதுவும் இரண்டு பாதி. கிழக்குப் பாதிச் செடிகளை நல்லுசாமி தையில் கிளை நறுக்கிக் கவாத்து செய்திருந்தார். தண்ணீர் கிடைத்தால் பங்குனிக் கடைசியில் துளிர்த்து அரும்பு கட்டும். கிடைக்காவிட்டால் அடுத்த மழைக்கு வேரே இருக்காது. மேற்குப் பாதியை யாரும் தொடவில்லை. அதில் பாதிச் செடிகள் சுள்ளியாகியிருந்தன. உயிரோடு இருந்தவற்றுக்கு வள்ளிக்கண்ணு பிச்சைமுத்து காட்டுக் குட்டையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். ஒரு செடிக்கு ஒரு செம்பு.

நல்லுசாமி அன்றைக்கு ராத்திரியும் மறுநாள் காலையும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அழகம்மாள் சுக்குக் கசாயம் போட்டுக்கொடுத்தாள், அதையும் குடிக்கவில்லை. மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் வள்ளிக்கண்ணு முற்றத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து அவளுக்கு எதிரே நின்றார். அழகம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். அவரைத் தடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வள்ளிக்கண்ணு, உங்கிட்டத்தான் சொல்லணும்" என்றார் நல்லுசாமி. "அந்தக் குழாய் மூட்டு ஆடுதுன்னு தம்பி எங்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னான். சீரங்கத்துக்குப் பூவு கொண்டுபோறப்ப அப்படியே டவுன்ல அந்த மூட்டுக்குப் போடுற சாக்கெட்டு ஒண்ணு வாங்கிட்டு வாண்ணேன்னான். நான் வாங்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஒரு நாளு வந்துட்டேன். ஒரு நாளு மறந்துட்டேன். ஒரு நாளு கடை வாசல் வரைக்கும் போயி, கூட்டமா இருக்குன்னு திரும்பிட்டேன். அவன் சாக்கைச் சுத்தி மண்ணைப் பூசிக்கிட்டான். எனக்கு அது பெருசாத் தெரியல."

முறம் அவள் கையில் அப்படியே நின்றது. சோளம் பொறுக்க வந்த கோழியை அவள் விரட்டவில்லை.

"புகைதான்னு நேத்து அவரு சொன்னப்பதான் எனக்கே தெரியும்" என்றார் மறுபடியும். குரல் இறங்கிவிட்டது. "ஒரு வருசமா முனின்னு நானும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

பிறகு அவள் பேசினாள். நேராக அவரிடமே.

"உசுரு போற காரியம்னு தெரிஞ்சிருந்தா வாங்கியிருப்பீங்கல்ல?"

"வாங்கியிருப்பேன்."

"அவருக்கும் தெரியல. தெரிஞ்சா எறங்கியிருக்க மாட்டாரு. எனக்கும் தெரியல. நான்தான் எண்ணெய் தீரப்போகுது, போயி ஊத்திட்டு வாங்கன்னு அனுப்புனேன்."

அதை அவள் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லிவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். அழகம்மாள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். நல்லுசாமி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேருக்கும் நடுவில் கோழி சோளத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

மத்தியானம் வள்ளிக்கண்ணு கத்தரி வத்தல் குழம்பு வைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி ராசாத்தியிடம் கிழக்குப் பாதிக்குக் கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு சேதியும். அந்தப் பர்மாக்காரரை வரச்சொல்லுங்கள்.

தைரியராஜ் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேரே வந்ததாகச் சொன்னார். ஞாயிறுகளில் வெடி வேலை இல்லை. மெஷின் சும்மா நிற்பதற்கு ஓடட்டும் என்று கியாசுதீன் விட்டுக்கொடுத்திருந்தார். பழைய இரும்புக்கடைகளில் பொறுக்கிய இரண்டங்குலக் குழாய்களும், அவற்றுக்குள் காற்றை அனுப்ப விரல் தடிமனில் சின்னக் குழாய்களும் லாரியில் வந்தன. கிணற்று வாயின் குறுக்கே இரண்டு பனைமரத் தடிகளைப் போட்டு, அதன்மேல் முக்காலி கட்டி, உருளை மாட்டினார்கள். குழாய்களை ஒன்றோடொன்று முடுக்கி, நேர் கீழே இருக்கும் துளைக்குள் விட வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. கீழே ஒருவர் நின்று வாயைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

நல்லுசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். தைரியராஜ் அவரை நிறுத்தினார். முதலில் கம்ப்ரஸரின் காற்றுக்குழாயைக் கிணற்றின் அடிவரை தொங்கவிட்டு அரைமணி நேரம் காற்றை அடித்தார். சேற்றிலிருந்தும் பாறை இடுக்கிலிருந்தும் ஒரு வருஷத்துத் தூசி எழுந்து மேலே வந்தது. பிறகு ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கினார். அது அடிவரை போய் அணையாமல் எரிந்தது. இஞ்சின் ஓடாமல் ஒரு வருஷம் ஆகிவிட்டது, புகை பயம் இல்லை, மற்ற கெட்ட காற்று ஏதும் தங்கியிருந்தால் விளக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று விளக்கினார்.

"நானும் எறங்குறேன்" என்றாள் வள்ளிக்கண்ணு.

வேண்டாம் என்று அழகம்மாள் சொன்னாள். கூடியிருந்த பெண்களும் சொன்னார்கள். வள்ளிக்கண்ணு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவரு கடைசியா உக்காந்திருந்த எடத்த நான் கிட்டப் போயி பாக்கல. தூக்குனவுங்கதான் பாத்தாங்க" என்றாள். அதற்குமேல் யாரும் தடுக்கவில்லை. இருவர் இடுப்பிலும் கயிறு கட்டினார்கள். நல்லுசாமி முதலில் இறங்கினார். அவள் பின்னால், சுவரைத் தடவிக்கொண்டே படிப்படியாக.

மேடையில் அவள் நின்றாள். இஞ்சினுக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் உட்காரும் இடம்தான். சுவரில் எண்ணெய்க் கறை. அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து வானம் வட்டமாக, ரொம்பப் பக்கத்தில் தெரிந்தது. வந்துவிடலாம் என்று நினைக்கக்கூடிய தூரம்தான். கீழேயிருந்து நல்லுசாமி அவளைக் கூப்பிடாமல் காத்திருந்தார். சற்று நேரத்தில் அவளே எழுந்து அடிவரை இறங்கினாள்.

மேலிருந்து குழாய் வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் துளைவாயில் நுழைத்தார்கள். ஒரு குழாய் இறங்கியதும் மேலே அடுத்ததை முடுக்குவார்கள். அதுவரை இருவரும் கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு குழாயை ஆடாமல் பிடித்திருப்பார்கள். இடது பக்கம், கொஞ்சம் விடச்சொல்லு, நிறுத்து. இந்த வார்த்தைகளைத் தவிர அவர்கள் வேறொன்றும் பேசவில்லை. ஏறிவந்தபோது உச்சிவேளை ஆகியிருந்தது. இருவர் உடம்பிலும் இரும்புத் துருவும் சேறும்.

கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. குழாயின் மேல்வாயை வாய்க்காலுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அதிலிருந்து காற்று மட்டும் சீறியது. கால்மணி நேரம் ஆயிற்று. ஒரு வாய் சேற்றுத் தண்ணீர் துப்பிவிட்டு மறுபடியும் காற்று. பிச்சைமுத்து, காத்தை அனுப்பினால் காத்துதானே வரும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். தைரியராஜ் மெஷினை நிறுத்தி, காற்றுக்குழாய் இன்னும் ஆழமாகப் போகவேண்டும், தண்ணீருக்குள் அது எவ்வளவு முங்கியிருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் மேலே ஏறும் என்று சொல்லி, இன்னும் இரண்டு சின்னக் குழாய்களைச் சேர்த்து இறக்கினார். இந்தத் தடவை கீழே யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை.

மறுபடி ஓட்டியபோதும் சீற்றம்தான். அவர் காதைக் குழாயில் வைத்துக் கேட்டார். பிறகு காற்றுத் திருகை மெல்ல மெல்லக் குறைத்தார். கூட்டவில்லை, குறைத்தார். சீற்றம் அடங்கியது. ஒன்றும் இல்லாததுபோல் ஒரு நிமிஷம். குழாய் உள்ளே விக்கியது. அடுத்த விக்கலில் வாய்நிறையத் தண்ணீர் வந்தது, கலங்கலாக, பிறகு மோர் நுரைபோல வெள்ளையாக. ஒரு வீச்சு, ஒரு நிறுத்தம், ஒரு வீச்சு. வாய்க்காலில் விழுந்ததும் நுரை உடைந்து தெளிந்தது. ஆட்கள் சத்தம் போட்டார்கள். அழகம்மாள் இரண்டு கைகளாலும் அள்ளிக் குடித்துவிட்டு, இரும்பு வாசம் அடிக்குது என்றாள். குடித்துக்கொண்டே இருந்தாள்.

தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புவது என்று நல்லுசாமி மண்வெட்டியோடு நின்றார். மேற்கு மடையை வெட்டப் போனவரிடம் வள்ளிக்கண்ணு சொன்னாள். "கவாத்து பண்ணது கெழக்குப் பாதி. அதுக்கு விடுங்க மாமா. என்னுது இருக்குறதுக்கு ஒரு மொறை பாஞ்சாப் போதும்."

நிறைய வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பம்ப்பு ஓடிய காலத்தில் வந்ததில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். எண்ணெயும் கூடுதலாகத்தான் குடித்தது. தைரியராஜ் அதை முதலிலேயே மறைக்காமல் சொல்லியிருந்தார். ஞாயிறுதோறும் கம்ப்ரஸர் வந்தது. சித்திரை பிறப்பதற்குள் அவர் அதே முக்காலியைக் கொண்டு மேடையிலிருந்த இஞ்சினை மேலே தூக்கினார். துரு தேய்த்து, புதுப் புகைக்குழாய் போட்டு, கிணற்றுக்கு முப்பதடி தள்ளி ஒரு கீற்றுக் கொட்டகையில் நிறுத்தினார். எங்கேயோ உடைத்துப்போட்ட ஒரு சின்னக் கம்ப்ரஸரைச் சரிசெய்து அதோடு பெல்ட் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு கிணற்றுப் படியில் யாருக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

கிழக்குப் பாதி பூத்தது. மேற்கில் வள்ளிக்கண்ணு செத்த செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பதியன் வைத்தாள். பூக்கூடையோடு ஸ்ரீரங்கம் போகும் வேலையை நல்லுசாமி செய்யவில்லை. அந்தப் பஸ்ஸில் ஏற முடியவில்லை என்றார். வள்ளிக்கண்ணு போனாள். விடியும் முன் பறித்த அரும்பை ஈரத்துணியில் மூடி, முதல் பஸ்ஸில் டவுன் மெயின்கார்டு கேட், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஸ்ரீரங்கம். சாத்தார வீதியில் பூவை அளந்து போட்டுவிட்டு, கோபுரத்துப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவாள்.

வைகாசியில் ஒருநாள் சாத்தார வீதியில் அவள் பக்கத்தில் கூடை இறக்கியவள் இனாம்குளத்தூர்க்காரி. இருளாயி என்று பெயர். பூவை அளக்கும்வரை சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் தண்ணீர்ப் பேச்சுதான். எங்க வீட்டுக்காரரு இஞ்சினையே கெணத்துக்குள்ள எறக்கிட்டாரு, இப்ப பரவாயில்ல என்றாள் இருளாயி. ஆனா மேல வந்தா தலைவலி, தலைவலின்னு சாஞ்சிக்கிறாரு. நேத்து வாந்தி வேற. வெயிலு ஒத்துக்கல போல.

வள்ளிக்கண்ணு கூடையை எடுக்கவில்லை. "இன்னிக்கு எப்ப எறங்குவாரு?" என்று கேட்டாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஓட்டிவிட்டிருப்பார் என்றாள் இருளாயி. அவள் ஊர் போய்ச் சேரப் பத்து மணிக்கு மேல் ஆகும். வள்ளிக்கண்ணு எழுந்தாள். கூடையைப் பூக்காரரிடமே விட்டுவிட்டு, "வாங்க, நானும் வரேன்" என்றாள். எதற்கு என்று பஸ்ஸில் சொன்னாள். தன் புருஷன் இறந்ததை ஓர் அந்நிய மனுஷியிடம் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொன்னது அதுதான் முதல் தடவை. சாக்குத் துணி, செவந்த முகம், எண்ணெய் ஊற்ற அனுப்பியது, எதையும் விடவில்லை. இருளாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பஸ் அன்றைக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்றுதான் போனது.

இறங்கியபோதே காட்டுக்குள்ளிருந்து இஞ்சின் சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள். கிணற்று விளிம்பில் நின்று இருளாயி கத்தினாள். இஞ்சின் சத்தத்தில் அது கீழே போகவில்லை. வள்ளிக்கண்ணு மண்ணாங்கட்டிகளைப் பொறுக்கி உள்ளே எறிந்தாள். மேடையில் குந்தியிருந்த ஆள் தலை தூக்கினான். அடைக்கலம், இருளாயியின் புருஷன். இரண்டு பெண்களும் கையை வீசி மேலே வரச்சொன்னார்கள். அவன் எழுந்தான், நாலைந்து படி ஏறினான், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். இருளாயி முதல் படியில் கால் வைத்தாள். வள்ளிக்கண்ணு அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"நீ எறங்காத. எறங்குனா நீயும் உக்காந்துருவ. கூப்பிடு. பேரச் சொல்லிக் கூப்பிடு, நிறுத்தாத."

புருஷன் பெயரை வாயால் சொல்லியறியாத அந்தப் பெண், அடைக்கலம், அடைக்கலம் என்று கூப்பிட்டாள். வள்ளிக்கண்ணு கிணற்றடியில் கிடந்த கயிற்றில் சுருக்குப் போட்டு அவன் கைக்கு எட்டும்படி விட்டாள். மூன்றாவது வீச்சில் பிடித்துக்கொண்டான். கக்கத்தில் மாட்டு என்று கத்தினாள். மாட்டினான். இருவரும் பக்கத்து வேப்பமரத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார்கள். அவனும் குழந்தைபோல் ஒவ்வொரு படியாகக் கையும் காலும் ஊன்றி வந்தான். கடைசிப் படியைத் தாண்டியதும் நிழலில் குப்புற விழுந்து மூச்சு வாங்கினான்.

 மூச்சு ஒருவழியாக அடங்கியதும், இஞ்சின் சும்மா ஓடுது, இறங்கி நிறுத்திவிட்டு வருகிறேன் என்று எழப்பார்த்தான்.

வள்ளிக்கண்ணு அவன் தோளில் கை வைத்து உட்காரவைத்தாள்.

"ஓடட்டும் தம்பி. எண்ணெய் தீந்தா அதுவா நிக்கும்."

மூன்று பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தலைக்கு மேல் வந்து, மேற்கே சாய்ந்தது. இஞ்சின் இரண்டு முறை திணறி நின்ற பிறகுதான் வள்ளிக்கண்ணு தண்ணீர் கேட்டாள்.